பங்கு போட்ட மாத்திரை

முதுகுளத்தூரிலிருந்து சாயல்குடி போகிற பஸ்ஸில் ஏறி எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் கண்டக்டரே ஒரு நிமிஷம் யோசிப்பார். அப்படிப்பட்ட ஊருக்கு யாராவது புதிதாக வந்து, வெள்ளிக்கிழமை காலையில் மேலத்தெரு வழியாக நடந்திருந்தால், இரண்டு வீடுகளுக்கு நடுவே கிடக்கும் துவைகல்லில் இரண்டு பெண்கள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பார். ஒருத்தி மற்றவளின் தாடையைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பி, மேல் இமையைக் கட்டைவிரலால் தூக்கி, முள்வாங்கியால் இமை முடியைப் பிடுங்கிக்கொண்டிருப்பாள். அது முடிந்ததும் முள்வாங்கி கை மாறும். இவளுக்கு அவள் பிடுங்குவாள். பார்க்கிறவர்கள், அக்கா தங்கச்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மெச்சிக்கொண்டு போவார்கள். அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷமாகிவிட்டது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மூத்தவள் சேதுலட்சுமி. இளையவள் கோகிலா. ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு, அடுத்தடுத்த வீட்டில் குடியிருப்பவர்கள். இருவருடைய புருஷன்மாரும் காலமாகிவிட்டார்கள். சேதுலட்சுமிக்கு அய்யப்பன் என்று ஒரு மகன். லோடு ஆட்டோ ஓட்டுகிறான். கோகிலா மகளைப் பரமக்குடியில் கட்டிக்கொடுத்துவிட்டு ஆடுகளோடு இருக்கிறாள்.

சண்டைக்குக் காரணம் மழை. எங்கள் பக்கத்தில் மழை பெய்யாமல்தான் சண்டை வரும். இவர்களுக்குப் பெய்து வந்தது. மாசி பங்குனியில் மிளகாய்ப் பழம் களத்துக்கு வரும். அக்கா களமும் தங்கை களமும் ஒட்டிக் கிடந்தன, நடுவில் ஒரு வரிசைக் கல்தான் எல்லை. சேதுலட்சுமி முதுகுளத்தூர் போயிருந்த ஒரு நாளில் வானம் திடீரென்று இருண்டு கொட்டியது. கோகிலா ஓடிப்போய்த் தன் மிளகாயின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினாள். அக்காவின் மிளகாய் நனைந்தது. நனைந்த வத்தல் வெளுத்துப் போகும். கமிஷன் கடையில் அதைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, விலை பேசாமல் மூட்டையை ஓரமாக வைக்கச் சொல்வார்கள். அந்த வருஷப் பாடு அதோடு முடிந்தது.

இருக்கிறது ஒரு தார்ப்பாய், நான் என்ன செய்ய முடியும் என்பது கோகிலாவின் கட்சி. குறுக்கே போட்டிருந்தால் இரண்டிலும் பாதிப் பாதியாவது தப்பியிருக்குமே என்பது சேதுலட்சுமியின் கட்சி. இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் சண்டை தீரவில்லை.

"பக்கத்துல கிடந்தது தெரியலையாடி உனக்கு? உன் கண்ணு அவிஞ்சு போக!" என்றாள் அக்கா, தெருவே நின்று வேடிக்கை பார்க்க.

"என் கண்ணு அவியுறதுக்கு முந்தி உன் கண்ணு அவியும், பாத்துக்கிட்டே இரு!" என்றாள் தங்கை.

எங்கள் ஊர்ச் சண்டைகள் கண் அவியட்டும் என்பதில் தொடங்கிக் கழிச்சலில் போகட்டும் என்பது வரைக்கும் போகும். அந்த வசவுகளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மறுவாரம் மொய் வைக்கிற இடத்தில் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். ஆனால் இந்தச் சண்டை நடந்த கொஞ்ச காலத்திலேயே சேதுலட்சுமியின் இடது கண்ணில் பூ விழுந்தது. கருவிழியின் மேல் பாலாடை படிந்ததுபோல் வெள்ளையாகி, வெளிச்சம் இருட்டு தவிர அந்தக் கண்ணுக்கு எதுவும் தெரியாமல் போனது. அவள் தலையெழுத்து என்று ஊர் சொன்னது. தன் வாய்தான் அந்தக் கண்ணைத் தின்றது என்று கோகிலா உள்ளூர முடிவு கட்டிவிட்டாள்.

இரண்டு பேருக்குமே கண்ணில் ஒரே கோளாறு. இமை முடி வெளியே பார்த்து வளராமல் உள்ளே திரும்பிக் கருவிழியில் குத்தும். கண் சிமிட்டினால் மணல் உரசும். நீர் வடியும். வெயிலைப் பார்க்க முடியாது. மிளகாய் நெடியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இதற்கு ஊரில் தெரிந்த ஒரே வைத்தியம் பிடுங்குவதுதான். எங்கள் சீமையில் கருவேல முள்ளுக்குப் பஞ்சமில்லை; அதனால் முள்வாங்கிக்கும் பஞ்சமில்லை. ஆனால் கண்முடி பிடுங்க எல்லாக் கையும் ஆகாது. பாதியில் முறிந்தால் கட்டை முடி நின்றுகொண்டு முன்னைவிடக் கொடுமையாகக் குத்தும். வேரோடு வர வேண்டும், கண்ணில் படவும் கூடாது. சேதுலட்சுமியின் கண்ணுக்குக் கோகிலாவின் கை. கோகிலாவின் கண்ணுக்குச் சேதுலட்சுமியின் கை. வேறு யார் தொட்டாலும் இருவருக்கும் ஒத்துவராது.

அதனால் சண்டைக்குப் பிறகும் வெள்ளிக்கிழமை தவறவில்லை. பேச்சுதான் நின்றது. பேசியே ஆக வேண்டிய இடத்தில், துவைகல்லுக்குப் பக்கத்தில் கட்டிக்கிடந்த கோகிலாவின் கறுப்பு ஆட்டிடம் பேசிக்கொள்வார்கள்.

"ஏ கருப்பி, தலையைக் கொஞ்சம் அண்ணாந்தா என்னவாம்?" என்பாள் சேதுலட்சுமி. கோகிலா அண்ணாந்துகொள்வாள்.

"கருப்பி, கையில மிளகாய்க் காரம் இருக்கு. கழுவிட்டு வந்து பிடுங்கச் சொல்லு," என்பாள் கோகிலா. சேதுலட்சுமி எழுந்துபோய்க் கழுவிவிட்டு வருவாள்.

ஆடு அசை போட்டுக்கொண்டு நிற்கும். இவ்வளவு குடும்ப விவகாரம் கேட்ட ஆடு ராமநாதபுரம் ஜில்லாவிலேயே வேறு இருக்காது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். ராமநாதபுரத்தில் இருக்கும் ஒரு கண் ஆஸ்பத்திரியிலிருந்து சூஃபியா என்ற டாக்டரம்மா வந்திருந்தார். கீழக்கரைக்காரர். அய்யப்பன் அம்மாவை வலுக்கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தினான். கோகிலாவும் கிளம்பிப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வந்தாள். வரிசையில் அக்கா நிற்பதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை அல்லாத நாளில் அக்காவுக்குப் பின்னால் நிற்பது அவளுக்கு மானக்கேடு.

டாக்டரம்மா சேதுலட்சுமியின் மேல் இமையைப் புரட்டிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"சின்ன வயசுல கண்ணு அடிக்கடி சிவந்து பீழை கட்டுமாம்மா?"

"எந்தப் பிள்ளைக்குத்தான் கட்டல, டாக்டரம்மா? ஊருணியில தண்ணி இருந்தாத்தானே மூஞ்சி கழுவ. ஈ வந்து கண்ணுலயேதான் உக்காந்து கிடக்கும்."

"வீட்டுல எல்லாருக்கும் ஒரே துண்டா?"

"துண்டு எங்க இருந்துச்சு? அம்மா முந்தானைதான். எனக்குத் துடைச்சிட்டு தங்கச்சிக்குத் துடைக்கும். அவளுக்குத் துடைச்சிட்டு எனக்கு."

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இந்த நோய்க்கு டிரக்கோமா என்று பெயர். கிருமியால் வருவது. பிள்ளைப் பிராயத்தில் திரும்பத் திரும்ப வந்து, இமையின் உட்புறத்தில் தழும்பு போட்டுவிடும். வயசாக ஆகத் தழும்பு சுருங்கும்; இமை உள்பக்கமாக மடங்கும்; முடி கருவிழியை உரசும். உரசி உரசித்தான் இடது கண்ணில் பூ விழுந்தது.

"இடது கண்ணுல போன பார்வைக்கு இப்ப என்னால எதுவும் செய்ய முடியாதும்மா. வலது கண்ணு இன்னும் நல்லா இருக்கு. ரெண்டு கண்ணு இமையையும் அறுத்து, ஓரத்தை வெளிப்பக்கமாத் திருப்பித் தைச்சுட்டா முடி குத்தாது. இப்படியே பிடுங்கிக்கிட்டே இருந்தீங்கன்னா வலது கண்ணும் போயிரும். எப்ப போகும்னு எனக்குத் தெரியாது. போனா திரும்ப வராது."

சேதுலட்சுமி தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வந்து, போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அய்யப்பன் கத்தினான். பயமா என்றான். பயமில்லை. காசு பற்றிக் கவலையா என்றான். அங்கே இலவசம்தான். கடைசியில் பிடிவாதமாகக் கேட்டபோது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் கட்டுப் போட்டுக்கிட்டுக் கிடந்தா அவளுக்கு யாருடா பிடுங்குவா?"

அய்யப்பனுக்கு வந்த கோபத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா, அவுகளோடதான் நீ பேசுறதே இல்லையே!"

"பேச்சு வேற, கண்ணு வேற," என்றாள்.

அவன் நேரே சின்னம்மா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னான். அந்த வெள்ளிக்கிழமை கோகிலா துவைகல்லில் உட்காரவில்லை. நின்றுகொண்டே ஆட்டிடம் சொன்னாள், தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி.

"கருப்பி, போகச் சொல்லு. இருக்குற ஒரு கண்ணையும் விட்டுட்டு அவ யாரு தோளைப் பிடிச்சுக்கிட்டு நடக்கப் போறாளாம்? என் கண்ணுக்கு ஒண்ணும் கேடு இல்ல. கொஞ்ச நாளைக்கு நானே கண்ணாடியைப் பாத்துப் பிடுங்கிக்கிருவேன்னு சொல்லு."

சேதுலட்சுமி ராமநாதபுரம் போனாள். ஆபரேஷன் முடிந்து, மறுநாள் கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டரம்மா நன்றாக வந்திருக்கிறது என்றார். அதற்குப் பிறகு ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார்.

"அறுத்துத் தைச்சா மட்டும் போதாதும்மா. கொஞ்சப் பேருக்கு முடி திரும்ப உள்பக்கம் திரும்பிரும். அது வர்றதைக் குறைக்கத்தான் கிருமி மாத்திரை. முன்னெல்லாம் களிம்பு குடுத்து வாரக்கணக்குல தடவச் சொல்லுவோம். நீங்க பாதியில விட்டுருவீங்க, இல்லன்னா மிளகாய்க் கையோட தடவுவீங்க. இது அப்படி இல்ல. ஒரே வேளைதான். ரெண்டையும் ஒண்ணா இப்பவே முழுங்கிருங்க. அவ்வளவுதான்."

அசித்ரோமைசின் என்று அட்டையில் போட்டிருந்தது. அமுதவள்ளி என்ற நர்சு இரண்டு பெரிய வெள்ளை மாத்திரைகளைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் டம்ளரைக் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வாந்தி எடுக்க, நர்சு அங்கே ஓடினாள்.

சேதுலட்சுமி ஒரு மாத்திரையை முழுங்கினாள். இன்னொன்றை முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.

அவளைத் திருடி என்றோ முட்டாள் என்றோ சொல்வதற்கு முன்னால் அவள் வளர்ந்த வீட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் எது வந்தாலும் இரண்டாகத்தான் பிளக்கும். கருப்பட்டி வந்தால் பாதி. சீனிக்கிழங்கு வந்தால் பாதி. மருந்துக்கும் அதே நியாயம். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் இரண்டு பேருக்கும் உண்டு. ஒருத்தி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டால் மற்றவள் கண்ணிலும் விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் நோய் இவளை விட்டு அவளிடம் போய்விடும் என்பது அவர்கள் அம்மாவின் கணக்கு. கண் நோய்க்கு மாத்திரை இரண்டு என்றதும், சேதுலட்சுமிக்கு அது தனக்கான முழு மருந்தாகத் தோன்றவே இல்லை. ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. இதில் பாசம் எவ்வளவு, பழக்கம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது. குறுக்கே போடாத தார்ப்பாயின் நினைப்பும் அதில் கொஞ்சம் இருந்திருக்கலாம். நான் உன்னை மாதிரி இல்லை, பார்த்தாயா என்று காட்டிக்கொள்ளும் ஆசை.

ஊருக்கு வந்த மறுநாள் மாத்திரையை ஒரு கொட்டாங்குச்சியில் வைத்துத் துவைகல்லின் மேல் வைத்தாள்.

"கருப்பி, கண்ணு மாத்திரை. ரெண்டு குடுத்தாக. ஒண்ணு நான் போட்டாச்சு."

கோகிலா வந்து எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்குச் சாயங்காலம் அதே கொட்டாங்குச்சியில் கொஞ்சம் முருங்கைக்கீரை இருந்தது. சேதுலட்சுமிக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவள் ஆட்டிடம்கூடச் சொல்லவில்லை.

தையல் பிரித்து, இமை ஆறியதும், வெள்ளிக்கிழமை மறுபடி ஆரம்பித்தது. இப்போது ஒரு பக்கமாகத்தான் வேலை. சேதுலட்சுமிக்குப் பிடுங்க ஒன்றுமில்லை. அவள் கோகிலாவுக்குப் பிடுங்கினாள். கண்ணாடி பார்த்துப் பிடுங்கிக்கொள்வேன் என்று வீறாப்புப் பேசியவள் கண்ணில் முறிந்த முடிகள் தாறுமாறாக நின்றன. அவற்றைச் சரிசெய்யச் சில வாரமாயிற்று. கைம்மாறு செய்ய முடியாமல் கண்ணைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கோகிலாவுக்குக் கூச்சமாக இருந்தது. கொட்டாங்குச்சியில் ஒரு வாரம் அகத்திக்கீரை, ஒரு வாரம் இரண்டு முட்டை என்று ஏதாவது வந்துகொண்டே இருந்தது.

அடுத்த மிளகாய்க் காலம் வந்தது. சேதுலட்சுமிக்கு வலது கண்ணின் ஓரத்தில் லேசாக உறுத்தியது. மிளகாய் நெடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த உறுத்தல் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? வருஷக்கணக்காகப் பழகிய உறுத்தல். ஆனால் மகனிடம் சொன்னால் ஆஸ்பத்திரி என்பான், ஆஸ்பத்திரியில் மாத்திரை போட்டாயா என்று கேட்பார்கள். பயமாக இருந்தது. கண்ணைக் கசக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கோகிலாவின் இமையைத் தூக்கிக் குனிந்திருந்தபோது, சேதுலட்சுமியின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் தங்கையின் கன்னத்தில் விழுந்தது. அடுத்து இன்னொன்று. கோகிலா முதலில் அக்கா அழுகிறாள் என்று நினைத்துப் பதறினாள். அக்கா அழுகிற ஆள் இல்லை. புருஷன் செத்தபோதே மூன்றாம் நாள் களத்துக்குப் போனவள். கோகிலா எழுந்து, அக்காவின் தாடையைப் பிடித்து, வெயிலுக்குத் திருப்பி, இமையைத் தூக்கினாள். மூக்கை ஒட்டின ஓரத்தில் இரண்டு முடி உள்ளே திரும்பிக் கருவிழியில் படுத்துக் கிடந்தன.

கோகிலா விடுவிடுவென்று வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்னத் தகர டப்பா. அதற்குள் விபூதிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் அந்த வெள்ளை மாத்திரை அப்படியே இருந்தது.

"கருப்பி," என்றாள். "நான் இதை முழுங்கலன்னு சொல்லு. எந்த வாயால அவ கண்ணு அவியும்னு சொன்னேனோ அந்த வாயில இதைப் போட எனக்கு மனசு வரலன்னு சொல்லு. இப்பவே முழுங்கச் சொல்லு."

சேதுலட்சுமி மாத்திரையைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். இத்தனை வருஷம் இவள் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டா இருந்தாள் என்று அவளுக்கு வலித்தது. பதில் சொல்ல வாயெடுத்தாள். பழக்கதோஷம், கண் ஆட்டின் பக்கம் போயிற்று. ஆட்டிடம் சொல்லக்கூடியதாக ஒன்றும் வரவில்லை.

கோகிலா போய் விஷயத்தைச் சொல்ல, மறுநாள் அய்யப்பன் இரண்டு பேரையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் போனான். பின்னால் தார்ப்பாயின் மேல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள், ஆளுக்கு ஒரு ஓரமாக.

டாக்டரம்மா பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "ரெண்டு முடி திரும்பியிருக்கு. அன்னைக்கு மாத்திரை ரெண்டையும் முழுங்கினீங்களாம்மா?"

சேதுலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். கோகிலா தகர டப்பாவைத் திறந்து மேஜை மேல் வைத்தாள். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். ஆபரேஷன் பண்ணின கையின் வேலையை இப்படிப் பங்கு போட்டுக் கெடுத்தால் யாருக்கும் வரும்.

"மருந்து என்ன கோயில் பொங்கலா, பாதி பாதி குடுக்குறதுக்கு? பாதி மருந்து உங்களுக்கும் பத்தாது. அவங்களுக்கு முதல்ல இமையைச் சரி பண்ணணும், அதுக்கப்புறம்தான் இந்த மாத்திரை. அறுக்காத இமைக்கு இதைப் போட்டா உள்ள மடங்கின முடி வெளியே வந்துருமா?"

"இதனாலதான் திரும்ப வந்துச்சா, டாக்டரம்மா?" என்று கேட்டாள் சேதுலட்சுமி.

டாக்டரம்மா கொஞ்சம் தணிந்தார். "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். முழுசாப் போட்டவங்கள்லயும் சில பேருக்குத் திரும்ப வரும். ஆனா நீங்க போட்டிருந்தா வர்றதுக்கு வாய்ப்பு கம்மி. நல்லவேளை, கருவிழி இன்னும் கெடல. இன்னும் கொஞ்ச நாள் மறைச்சிருந்தீங்கன்னா நான் பேசுறதுக்கு எதுவும் இருந்திருக்காது."

கோகிலா டாக்டரம்மாவின் முன்னால் வந்து நின்றாள். "டாக்டரம்மா, நான் ஒரு நாள் அவ கண்ணு அவியும்னு வாயை விட்டுட்டேன். அந்தக் கண்ணு அதுலதான் போச்சா?"

"இல்லம்மா. இது சின்னப் பிள்ளையில வந்த கிருமி. ஒரே துணியில ரெண்டு பேருக்கும் துடைச்சதுல ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குப் போயிருக்கும். உங்க வாய்க்கும் அவங்க கண்ணுக்கும் சம்பந்தம் இல்ல."

கோகிலா நிம்மதி அடைவாள் என்று டாக்டரம்மா எதிர்பார்த்திருப்பார். அவள் முகம் இன்னும் வாடியது. "அப்ப எங்க அம்மாவா?" என்றாள்.

சேதுலட்சுமிதான் சொன்னாள், சுவரைப் பார்த்தபடி. "அம்மா துடைச்சுதான் விட்டுச்சு. அழுக்குக் கண்ணோட விட்டுருந்தா நல்ல அம்மாவா?"

அந்த வாரமே இரண்டு பேருக்கும் ஆபரேஷன் நடந்தது. அக்காவுக்கு வலது கண்ணில் மறுபடியும், தங்கைக்கு இரண்டு கண்ணிலும். மறுநாள் கட்டுப் பிரித்ததும் நர்சு அமுதவள்ளி ஆளுக்கு இரண்டு மாத்திரையோடு வந்து, பக்கத்துப் பக்கத்துக் கட்டிலுக்கு நடுவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை யார் வாந்தி எடுத்தாலும் நகருவதாக இல்லை. இங்கே ஆடு இல்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

"நர்சம்மா, அவளை முதல்ல முழுங்கச் சொல்லுங்க. நான் பாக்கணும்," என்றாள் கோகிலா.

"நர்சம்மா, அவ டப்பாவுல ஒளிச்சு வைக்குறவ. வாயைத் தெறக்கச் சொல்லிப் பாருங்க," என்றாள் சேதுலட்சுமி.

அமுதவள்ளி இருவர் வாயையும் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்க்கச் சொன்னாள். பார்த்துக்கொண்டார்கள். இருவர் வாயும் காலியாக இருந்தன. வார்டே சிரித்தது. பழைய மாத்திரையை டாக்டரம்மா குப்பைத் தொட்டியில் போட்டார்.

இருவருக்கும் இமை ஆறியது. இந்த முறை முடி திரும்பவில்லை. பரிசோதனைக்குப் போனபோதெல்லாம் டாக்டரம்மா வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். சேதுலட்சுமி ஒற்றைக் கண்ணால் களத்தில் நல்ல பழத்தையும் சோடைப் பழத்தையும் தூரத்திலிருந்தே பிரித்தாள். வெயிலில் கண் கூசவில்லை. அய்யப்பன் தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டான்.

வெள்ளிக்கிழமை மட்டும் வெறுமையாகப் போயிற்று. துவைகல்லில் உட்காருவதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை. சேதுலட்சுமி காலையில் வாசலுக்கு வருவாள், முள்வாங்கியை இடுப்பிலிருந்து எடுத்துப் பார்ப்பாள், சொருகிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அடுத்த வீட்டுக் கதவும் திறந்து மூடும் சத்தம் கேட்கும். குத்துகிற முடி போய்விட்டது, அதோடு தங்கையும் போய்விட்டாள் என்று அவளுக்குத் தோன்றியது. கண் நன்றாக இருந்தும் வாசலில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அவளுக்கு அது துக்கமாக இருந்தது.

இப்படியே சில வாரம் போன பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை அவள் போய்த் துவைகல்லில் சும்மா உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் என்ன, அவள் புருஷன் போட்ட கல்தானே. கொஞ்ச நேரத்தில் கோகிலா வெளியே வந்தாள். ஒரு காலை ஊன்றாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். ஆட்டைத் தாண்டி வந்தாள். எதிரே உட்கார்ந்து, காலைத் தூக்கி அக்காவின் மடியில் வைத்தாள்.

"முள்ளு குத்திருச்சுக்கா," என்றாள்.

சேதுலட்சுமி அந்தப் பாதத்தைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பினாள். வெடித்த குதிகால், ஆட்டுப் புழுக்கை ஒட்டின ஓரம், சின்ன வயதில் கருவேலங்கட்டை கிழித்த தழும்பு எல்லாம் துலக்கமாகத் தெரிந்தன. முள் எங்கேயும் இல்லை. குத்தின தடம்கூட இல்லை. டாக்டரம்மா தைத்துக் கொடுத்த கண். அதில் தப்பு வராது.

அவள் இடுப்பிலிருந்து முள்வாங்கியை எடுத்தாள்.

"ஆழமாப் போயிருக்குடி," என்றாள். "ஆடாம இரு."

வெயில் ஏறித் துவைகல் சுடுகிற வரைக்கும் அவள் அதைத் தேடிக்கொண்டிருந்தாள்.